டாக்டராகிப் போன நம் கல்லூரிப் பிள்ளைகள்: கௌரவிக்க நினைக்கும் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

1978-இல் பள்ளிகளில் பிளஸ் டூ வரும் வரைக்கும், டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்ட தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை பள்ளியிலிருந்து நேராக மருத்துவக் கல்லூரிக்குப் போய்விட முடியாது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பக்கத்து ஊர்க் கலைக் கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி. (பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பு) படித்து, அந்த மார்க்கை வைத்துத்தான் இடம் கேட்க வேண்டும். 1854-இல் தொடங்கிய கும்பகோணம் அரசுக் கல்லூரி, 1955-இல் வந்த தஞ்சை சரபோஜி கல்லூரி, அதற்கு அடுத்த ஆண்டு வந்த பூண்டி புஷ்பம் கல்லூரி, திருச்சியின் பழைய கல்லூரிகள் என்று எதன் பதிவேட்டைப் புரட்டினாலும், ஒரே ஒரு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் பின்னால் டாக்டரானவர்களின் பெயர்கள் கிடைக்கும். பட்டம் வாங்காமல் போனவர்கள் என்பதால் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் இவர்கள் இருக்க மாட்டார்கள். கடைசி பி.யு.சி. அணிக்கே இப்போது அறுபது வயது தாண்டிவிட்டது. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், சிலர் விஷயத்தில் அடுத்த ஆண்டு இருக்காது.

சங்கப் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறோம். மேடை போடுவது, மைக் பிடிப்பது, பந்தி போடுவது எல்லாம் நம் ஊரில் தெரியாதவர் இல்லை. இவர் என்ன செய்தார், அதை எப்படி உறுதி செய்தோம் என்று ஒரு பக்கத்தில் எழுத முடிவதுதான் கடினம். அந்த ஒரு பக்கம் சரியாக அமைந்தால் விழா எளிமையாக இருந்தாலும் நிற்கும். அது இல்லாவிட்டால் எத்தனை பொன்னாடை போர்த்தினாலும் மறுநாளே மறந்துபோகும். ஆறு மாதம் ஒதுக்குங்கள். அதில் நாலரை மாதம் தேடுவதற்கும் சரிபார்ப்பதற்கும் எழுதுவதற்கும்.

முதலில் விதி, பிறகு பெயர்

முதல் கூட்டத்திலேயே யாராவது ஒரு பெயரைச் சொல்வார்கள். எழுதிக்கொள்ளாதீர்கள். விதியை எழுதி முடிக்கும் முன் பெயர் வந்துவிட்டால், அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி விதி வளைந்துவிடும்.

விதி ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதில் இருக்க வேண்டியவை: யார் முன்னாள் மாணவர் (பி.யு.சி., அதற்கு முந்தைய இன்டர்மீடியட் படித்தவர்களும் சேர்த்தி என்று தெளிவாக எழுதுங்கள்); ஆண்டுக்கு எத்தனை பேர் (நான்குக்கு மேல் போக வேண்டாம்); தகுதியானவர் கிடைக்காத ஆண்டில் விருதை நிறுத்தி வைக்கலாம் என்ற ஒரு வரி; தேர்வுக் குழுவில் யார் யார். குழுவுக்கு ஐந்து பேர் போதும். ஐவரில் ஒருவராவது கல்லூரிக்குச் சம்பந்தமில்லாத மருத்துவராக இருக்கட்டும். நன்கொடை தருபவரும், பரிந்துரைக்கப்பட்டவரின் உறவினரும், அவரோடு ஒரே மருத்துவமனையில் இருப்பவரும் அந்தப் பெயர் வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும். நன்கொடைக்கும் விருதுக்கும் தொடர்பில்லை என்பதை எழுத்திலேயே வைத்துவிடுங்கள். நன்கொடையாளருக்கே விருது என்று தலைவர் கேட்டு, அவர் முகம் பார்த்து மறுக்க முடியாமல் போகும் நாள் வரும். அன்று விதியைக் காட்டலாம்.

மருத்துவத் துறை என்றால் டாக்டர் மட்டுமல்ல. காவிரிப் படுகையில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கும்பகோணம் வட்டாரம் ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பேர்போனது. அந்த நோயின் நுண்புழு இரவில்தான் ரத்தத்தில் ஓடும் என்பதால், இரவு பத்து மணிக்கு மேல் வீடு வீடாகக் கதவைத் தட்டி விரல் நுனியில் ரத்தம் எடுத்தார்கள். கொசுப்புழுவை அகப்பையில் அள்ளி எண்ணினார்கள். இந்த வேலைகளில் விலங்கியல் படித்தவர்களும் இருந்தார்கள். கிராம சுகாதார செவிலியர், ஜி.ஹெச். பிரசவ வார்டில் முப்பது வருஷம் நின்ற செவிலியர், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன், நோயியல் ஆராய்ச்சியாளர் எல்லோருக்கும் விதியில் இடம் வையுங்கள். இல்லாவிட்டால் பட்டியல் முழுக்க இதய நோய் நிபுணர்களாக வந்து நிற்கும்.

பதிவேட்டைத் திறங்கள்

கல்லூரி அலுவலகத்தில் மூன்று பதிவேடுகள் கேளுங்கள்: சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழின் அடிக்கட்டு, விடுதிப் பதிவேடு. முதல்வரின் கடிதம் இல்லாமல் அலுவலகக் கண்காணிப்பாளர் தர மாட்டார், தரவும் கூடாது. பதிவேட்டை வெளியே எடுத்துப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். பழைய தாள் பூச்சி அரித்து ஓரங்கள் உதிரும். விரலை ஈரமாக்கிப் புரட்டாமல், கீழிருந்து ஒரு அட்டையை நுழைத்து ஏந்திப் புரட்டுங்கள். செல்போனில் படம் எடுப்பதானால் ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னல் வெளிச்சமே போதும்.

மாற்றுச் சான்றிதழின் அடிக்கட்டில் 'மேற்படிப்புக்காக' என்று எழுதியிருக்கும். சில எழுத்தர்கள் எந்தப் படிப்பு என்றும் குறித்திருப்பார்கள். அடுத்தபடியாகக் கல்லூரி ஆண்டு மலர்: 'மருத்துவக் கல்லூரிக்குத் தேர்வான நம் மாணவர்கள்' என்று ஒரு பத்தி கிடைக்கலாம். குழுப் படங்களின் அடியில் பெயர்கள் இருக்கும்.

இனிமேல்தான் சிக்கல். பதிவேட்டில் இருக்கும் பெயரும் இன்று கிளினிக் பலகையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்காது. பெண்களுக்குப் பெரும்பாலும் திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறியிருக்கும். சேர்க்கைப் பதிவேட்டில் அப்பா பெயரின் முதலெழுத்து. மருத்துவ கவுன்சில் பதிவில் சில சமயம் அதே எழுத்து, சில சமயம் கணவர் பெயர். ஆண்களிலும் ஊர்ப் பெயரை முன்னால் போட்டு இரண்டு இனிஷியல் வைத்திருந்தவர்கள் பின்னால் ஒன்றை விட்டிருப்பார்கள். சாதிப் பெயரைப் பின்னொட்டாக வைத்திருந்தவர்கள் அதை நீக்கியிருப்பார்கள். ஆகவே பெயரை மட்டும் வைத்துப் பொருத்தாதீர்கள். பிறந்த தேதி, சேர்ந்த ஆண்டு, தந்தை பெயர், சொந்த ஊர் ஆகிய நான்கில் மூன்று பொருந்தினால்தான் அதே ஆள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மட்டும் பொருந்தி, வேறொருவருக்குக் கடிதம் போய், அவரும் மகிழ்ச்சியோடு சம்மதம் அனுப்பிவிட்டால் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு எத்தனை உழைப்பும் தகும். அடையாற்றில் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் படித்தவர். ஒரு பெண்ணைச் சேர்க்கலாமா என்று ஊரே விவாதித்த காலம் அது. அப்படியொரு வரி எந்தக் கல்லூரியின் பதிவேட்டிலும் மறைந்திருக்கலாம்.

பரிந்துரைப் படிவம்

இரண்டு பக்கம். 'சாதனைகளை விவரிக்கவும்' என்று ஒரு பெரிய கட்டம் போட்டால் புகழுரைதான் வரும். அதற்குப் பதில் ஆண்டு, இடம், பதவி, செய்த வேலை, அதை அறிந்த ஒருவரின் தொலைபேசி என்று ஐந்து பத்தி போட்ட அட்டவணை வையுங்கள். தன்னைத் தானே பரிந்துரைப்பது கூடாது. பரிந்துரைக்கும் காலம் ஆறு வாரம். அது முடிந்தபின் வருவதை அடுத்த ஆண்டுக்கு வையுங்கள்.

சும்மா அறிவிப்பு வெளியிட்டால் நகரத்தில் இருப்பவர்கள் பெயர்தான் வரும். கடைமடைப் பக்கம் வேலை செய்தவர்களை நீங்களே கேட்டுத் தேட வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது நாகை மருத்துவமனையில் யார் இருந்தார்? அதே ஆண்டு ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் குழந்தைகளைக் கவனித்தவர்களில் நம் மாணவர் உண்டா? 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பின், கரண்ட் இல்லாத வாரங்களில் வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் பிரசவம் பார்த்தது யார்? அறுவடை நேரத்தில் பாம்புக்கடி, மழைக்குப் பின் எலிக்காய்ச்சல், வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு வரும் நோயாளிகள்: இவற்றையே வருஷம் முழுக்கப் பார்த்த டாக்டர் யார்? இப்படிக் குறிப்பாகக் கேட்டால் ஓய்வுபெற்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் ஊராட்சித் தலைவரும் பதில் சொல்வார்கள்.

சரிபார்ப்பு

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோப்பு. முதல் தாளில் மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணும் ஆண்டும். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் பதிவேட்டையும் தேசிய அளவிலான இந்திய மருத்துவப் பதிவேட்டையும் இணையத்தில் பார்க்கலாம். பிரிட்டனில் இருப்பவரை அங்குள்ள ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் பட்டியலிலும், அமெரிக்காவில் இருப்பவரை அவர் தொழில் செய்யும் மாநிலத்தின் உரிமப் பட்டியலிலும் பார்க்க முடியும். உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று கவனியுங்கள். செவிலியருக்கு தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவு.

பட்டச் சான்றிதழில் 'சென்னைப் பல்கலைக்கழகம்' என்று இருந்தால் பதற வேண்டாம். பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்ததே 1982-இல்தான். அதற்கு முன் இங்குள்ள கல்லூரிகள் சென்னையோடு இணைந்திருந்தவை.

மூன்று இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, 'தென்னிந்தியாவிலேயே முதன்முறையாக' போன்ற வரிகள். ஆய்விதழ்க் கட்டுரையோ மருத்துவமனையின் எழுத்துச் சான்றோ இருந்தால் ஏற்கலாம். இல்லையென்றால், அந்த அறுவை சிகிச்சையைச் செய்தார் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு 'முதன்முறை'யை நீக்கிவிடுங்கள். இரண்டு, விருதுகள். பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு நட்சத்திர ஹோட்டலில் விருது தரும் அமைப்புகளும், பணத்துக்கு கௌரவ டாக்டர் பட்டம் தருபவையும் ஏராளம். அவற்றை மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள். இருக்கிறதே என்பதற்காக ஆளையும் தள்ளிவிடாதீர்கள், நல்ல டாக்டர்களும் ஏமாந்திருப்பார்கள். மூன்று, 'இலவச சிகிச்சை'. வாரத்தில் எந்த நாள், எந்த ஊர், எத்தனை வருஷமாக என்று கேட்டுப் போய்ப் பாருங்கள். அந்த ஊர் டீக்கடையில் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அவரோடு பணிபுரிந்த ஒருவரிடமும், அவருக்குக் கீழே பணிபுரிந்த ஒருவரிடமும் கட்டாயம் பேசுங்கள். மேலதிகாரியைக் கேட்பதைவிட வார்டு செவிலியரைக் கேட்பது பயன் தரும். இரவில் கூப்பிட்டால் டாக்டர் வருவாரா என்பது செவிலியருக்குத்தான் தெரியும்.

மதிப்பெண்

நூற்றுக்கு எங்கள் பரிந்துரை: சேவையின் காலமும் இடமும் 35, அந்த வேலையால் என்ன மாறியது 30, மற்றவர்களைப் பயிற்றுவித்தது 15, ஆய்வுக் கட்டுரை, பதவி, தொழில்முறைப் பெயர் 10, கல்லூரியோடும் இன்றைய மாணவர்களோடும் உள்ள தொடர்பு 10. ஆய்வுக்கு 10 மட்டும்தானா என்று கேட்பார்கள். ஆய்வின் பயன் இரண்டாவது இனத்திலேயே வந்துவிடும். கட்டுரை எண்ணிக்கையை மட்டும் தனியாகத் தூக்கி வைத்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தவர் எந்த ஆண்டும் மேலே வர முடியாது. ஐவரும் தனித்தனியே மார்க் போட்டு மூடிய உறையில் தரட்டும், கலந்து பேசுவது அதன் பிறகுதான். யாருக்காவது இரண்டு பேர் போட்ட மார்க்கில் 20-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோப்பை மறுபடி எடுங்கள்; ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். சமமாக வந்தால் வயதில் மூத்தவருக்கு முதலிடம்.

சம்மதமும் அனுமதியும்

தேர்வு முடிந்த அன்றே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். முதலில் சங்கத் தலைவரும் முதல்வரும் தொலைபேசியில் பேசி, பிறகு கடிதம் அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். 'எனக்கெதுக்குங்க இதெல்லாம், சின்னப் பசங்களுக்குக் குடுங்க' என்று பலர் சொல்வார்கள். வற்புறுத்த வேண்டாம், மாணவர்களோடு ஒரு மணி நேரம் பேச வர முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அதற்குச் சரி என்பார்கள்.

அரசுப் பணியில் இருக்கும் மருத்துவரும் செவிலியரும் தங்களைப் பாராட்டும் கூட்டத்தில் கலந்துகொள்ளவும் பரிசு பெறவும் நடத்தை விதிகளின்படி முன் அனுமதி வாங்க வேண்டும். கடிதம் போய்த் திரும்ப நாளாகும். இரண்டு மாதம் முன்பே அழைப்புக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

அழைப்பிதழிலும் ஃபிளெக்ஸிலும் கிளினிக் பெயர், முகவரி, பார்க்கும் நேரம் எதுவும் வேண்டாம். 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிமுறைகள் விளம்பரத்தைத் தடுக்கின்றன. பெருமைப்படுத்தப் போய் அவரைப் புகாரில் மாட்டிவிடக் கூடாது. நோயாளியின் பெயரோ படமோ அவர் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எங்கும் வரக் கூடாது. சிகிச்சை பெற்றவரை மேடையில் ஏற்றி அழ வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

பணம்

மருந்து கம்பெனி விளம்பரமும் நன்கொடையும் இந்த விழாவுக்கு வேண்டவே வேண்டாம். மருந்து நிறுவனங்களிடமிருந்து மருத்துவர்கள் பரிசு, பயணச் செலவு, விருந்தோம்பல் பெறுவதை அதே விதிமுறைகளில் 2009-இல் சேர்ந்த பிரிவு தடை செய்கிறது. மருந்து கம்பெனி செலவில் விருது வாங்கினார் என்ற பேச்சு ஒரு நேர்மையான டாக்டருக்கு வரக் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் ஆர்வமாகப் பணம் அனுப்புவார்கள். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினையில்லை. அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருந்தாலும், ஊருக்கு வந்து ரூபாயாகவே கையில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கும் இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. பழைய சங்கங்களும் தடுமாறும் இடம் இது. சங்கமே இன்னும் பதிவாகவில்லையென்றால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்த பிறகே பணம் திரட்டுங்கள்.

ஆண்டுதோறும் கையேந்தாமல் இருக்க அறக்கட்டளை வைப்புத்தொகை நல்லது. விழாச் செலவு 60,000 ரூபாய், வட்டி 6 சதவீதம் என்றால் 10 லட்சம் வைத்தால் போதும் என்று தோன்றும். விலைவாசி ஏற ஏற அது நான்கைந்து ஆண்டில் போதாமல் போகும். பன்னிரண்டரை லட்சம் வைத்து, வரும் 75,000-இல் 60,000 செலவு செய்து, மிச்சத்தை முதலோடு சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

தேதி

ஐப்பசி, கார்த்திகையில் வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை எந்த வாரம் எந்தச் சாலையை வெட்டும் என்று சொல்ல முடியாது. செமஸ்டர் தேர்வும் அப்போதுதான். ஜூலை 1 மருத்துவர் தினம் பொருத்தமாகத் தெரியும், ஆனால் அன்று டாக்டர்களை அவரவர் சங்கம் இழுத்துக்கொள்ளும். தை பிறந்தால் முகூர்த்தம், சம்பா அறுவடை. மண்டபமும் சமையல்காரரும் கிடைக்க மாட்டார்கள்.

எங்கள் கணக்கில் மார்கழிதான் சிறந்தது. கல்யாணம் இல்லாததால் மண்டபம் கிடைக்கும், வெளிநாட்டில் இருப்பவர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருவார்கள், வெயிலும் தணிந்திருக்கும். டிசம்பர் கடைசி ஞாயிறோ ஜனவரி முதல் ஞாயிறோ வையுங்கள். வைகுண்ட ஏகாதசி வாரத்தில் திருச்சி, ஸ்ரீரங்கம் லாட்ஜ்களில் இடம் இருக்காது. தியாகராஜ ஆராதனை நாட்களில் தஞ்சையிலும் திருவையாற்றிலும் அப்படித்தான். பஞ்சாங்கத்தை ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நேரம் காலை 10. மாலை என்றால் டாக்டர்கள் ஓ.பி. முடித்து வரத் தாமதமாகும்.

பாராட்டு மடல்

விழாவின் உயிரே இதில்தான். சபையில் நிறுத்திப் படித்தால் நிமிஷத்துக்கு நூறு சொல் ஓடும். ஒருவருக்கு 120 முதல் 150 சொல் எழுதுங்கள். ஒன்றரை நிமிஷத்தில் முடியும். சட்டம் போட்டு அவர் வீட்டுச் சுவரில் மாட்டப்போவது இதுதான், பேரன் பேத்தி படிக்கப்போவதும் இதுதான்.

வழக்கமாக எழுதப்படுவது இப்படி இருக்கும்: 'மருத்துவ வானில் துருவ நட்சத்திரமாய் ஜொலிப்பவரே! ஏழைகளின் இதயத்தில் வாழும் தெய்வமே!' பெயரை மாற்றி யாருக்கு வேண்டுமானாலும் படிக்கலாம். கேட்பவருக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இப்படி எழுதிப் பாருங்கள் (மாதிரிக்காக நாங்களே கட்டியது): '1974-75-இல் இக்கல்லூரியில் பி.யு.சி. பயின்றவர். நகரத்துக்கு வந்த இடமாறுதலை இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லி, கடைமடைப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் 11 ஆண்டுகள் பணியாற்றினார். நிலையக் குடியிருப்பிலேயே தங்கி, இரவுப் பிரசவங்களுக்குத் தாமே வந்து நின்றார். பாம்புக்கடிக்கு முதல் தவணையிலேயே பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து தேவைப்படும் என்பதால், அறுவடைக் காலத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஃபிரிட்ஜைத் திறந்து குப்பிகளைத் தம் கையால் எண்ணினார்.' கடைசி வரி போதும், ஆள் கண்முன் வந்துவிடுவார். அப்படி ஒரு வரி ஒவ்வொருவருக்கும் இருக்கும். அது அவர் எழுதித் தந்த தற்குறிப்பில் இருக்காது. அவரோடு வேலை செய்தவர்களிடம்தான் கிடைக்கும். சரிபார்க்கப் பேசும்போதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதும் முறை: முதல் வரியில் கல்லூரியில் படித்த ஆண்டும் பாடமும். அடுத்து, எங்கே எத்தனை ஆண்டு. பிறகு மேலே சொன்னது போல ஒரு காட்சி. பிறகு அதனால் என்ன மாறியது. கடைசியில் கல்லூரி எதற்காக இந்த விருதைத் தருகிறது என்று ஒரே வரி. நோயின் பெயரைத் தமிழில் எழுதி, மருத்துவர் ஒருவரிடம் காட்டிச் சரி செய்துகொள்ளுங்கள். சிறுநீரகக் கல்லும் பித்தப்பைக் கல்லும் ஒன்றாகிவிட்டால் அரங்கில் இருக்கும் எல்லா டாக்டர்களும் சிரிப்பார்கள்.

பெயரும் பட்டமும் தனி வேலை. இனிஷியல் தமிழ் எழுத்திலா ஆங்கில ஒலியிலா ('கு.' என்றா, 'கே.' என்றா) என்று அவரையே கேளுங்கள். பட்டங்களை அவர் எழுதித் தரும் வரிசையிலேயே போடுங்கள். பழைய டாக்டர்களுக்கு டி.ஜி.ஓ. (மகப்பேறு), டி.சி.ஹெச். (குழந்தை நலம்) போன்ற டிப்ளமோக்கள் இருக்கும். சின்னது என்று விட்டுவிடாதீர்கள், அந்தக் காலத்தில் அதற்கு இடம் கிடைப்பதே அரிது. இறுதி வடிவத்தை அனுப்பி 'சரி' என்று எழுத்தில் பதில் வந்தபின்தான் அச்சுக்கு.

நினைவுப் பரிசு

அக்ரிலிக் கேடயம் வேண்டாம்; டாக்டர் வீட்டு அலமாரியில் அது ஏற்கெனவே இருபது இருக்கும். இங்கே கைத்தொழிலுக்குப் பஞ்சமா? ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கவனம் உண்டு.

தஞ்சாவூர்க் கலைத்தட்டு எங்கள் முதல் தேர்வு. பித்தளைத் தட்டின் மேல் வெள்ளியிலும் செம்பிலும் புடைத்த உருவங்கள் பதித்திருக்கும். சாமி உருவம்தான் வழக்கம். பெறுபவர் வேற்று மதத்தவராக இருக்கலாம் என்பதால் மயில், பூவேலை, கோபுரம் என்று கேளுங்கள். கல்லூரிச் சின்னம் நடுவில் வேண்டுமென்றால் தனி அச்சு வெட்ட வேண்டியிருக்கும். ஆறு வாரம் முன்பே சொல்லுங்கள். வெட்டிய அச்சைச் சங்கத்திலேயே பத்திரப்படுத்தினால் அடுத்த ஆண்டும் உதவும்.

நெட்டி (நீர்ச்செடியின் வெண்மையான தக்கை) வேலைப்பாட்டில் பெரிய கோயில் உருவம் அழகு, எடையே இருக்காது. ஆனால் கண்ணாடிப் பெட்டியோடு விமானத்தில் போனால் விமானம் (கோயிலின் விமானத்தைச் சொல்கிறோம்) உடைந்துவிடும். உள்ளூர்க்காரருக்கு மட்டும் கொடுங்கள். நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் பாகம் பாகமாகத் திருகிக் கழற்றலாம், ஆனாலும் பாரம் அதிகம். சுவாமிமலை வெண்கலச் சிலையை வெளிநாட்டுக்குக் கொண்டு போகிறவரிடம், அது பழம்பொருள் அல்ல என்ற தொல்லியல் துறைச் சான்றை விமான நிலையத்தில் கேட்கலாம். அதை வாங்க நாளாகும்.

மேடை

விழா ஒன்றரை மணி நேரம். பெறுபவர் ஒருவருக்கு மடல் ஒன்றரை நிமிஷம், விருது வழங்க ஒரு நிமிஷம், ஏற்புரை நான்கு நிமிஷம்; நான்கு பேருக்கும் சேர்த்து அரை மணிக்குள் முடியும். நேரத்தைக் கொல்வது பொன்னாடைதான். இருபது பேர் வரிசையில் நின்று நால்வருக்கும் போர்த்தினால், ஒன்றுக்கு அரை நிமிஷம் என்று வைத்தாலும் நாற்பது நிமிஷம் போய்விடும். விழா மேடையில் சங்கத்தின் சார்பாக ஒரே ஒரு பொன்னாடை. மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் பின் போர்த்திக்கொள்ளலாம் என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

விருது பெறுபவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். மூன்றடி மேடைக்குச் சரியான சாய்தளம் போட 36 அடி நீளம் வேண்டும். பந்தல்காரர் எட்டடியில் பலகை சாய்ப்பார், அதில் சக்கர நாற்காலியைத் தள்ளுவது ஆபத்து. மேடையை விட்டுக் கீழே, முதல் வரிசைக்கு முன்னால் தரையிலேயே விருது வழங்குங்கள். சிறப்பு விருந்தினர் இறங்கி வரட்டும். பார்ப்பதற்கும் அதுதான் முறையாக இருக்கும்.

மறைந்தவருக்கு விருது என்றால் அவர் பெயரே முதலில். மனைவியோ கணவரோ பிள்ளையோ வந்து வாங்கும்போது பின்னணி இசை வேண்டாம். சாப்பாடு பன்னிரண்டே முக்காலுக்குப் பந்தி உட்கார வேண்டும். சர்க்கரை நோயாளிகள் பலர் இருப்பார்கள். மாத்திரை போட்டுவிட்டு இலைக்குக் காத்திருக்கும்படி ஆகக் கூடாது.

விழாவுக்கு முதல் நாள் மாலையோ அன்று பிற்பகலோ, நாற்பது மாணவர்களுக்கு மிகாமல், வட்டமாக நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் அவர்களோடு பேச விடுங்கள். மைக் வேண்டாம், பேராசிரியர்களும் வேண்டாம். கேள்வி கேட்கத் தயங்கும் பிள்ளைகள் அப்போதுதான் வாய் திறப்பார்கள்.

விழா முடிந்த பின்

படங்கள் பத்து நாளுக்குள் அவரவர் வீட்டுக்குப் போக வேண்டும். நாக் (கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச் சான்று தரும் தேசிய அமைப்பு) குழு வரும்போது முன்னாள் மாணவர் பங்களிப்பு என்ற தலைப்பில் இந்தக் கோப்பையும் கேட்பார்கள். ஒரு பிரதியைக் கல்லூரியின் தர உறுதிக் குழுவிடம் (ஐ.க்யூ.ஏ.சி.) கொடுத்துவிடுங்கள். தேர்வாகாத பரிந்துரைகளை மூன்று ஆண்டு வரை வைத்து ஒவ்வொரு ஆண்டும் மறுபடி பாருங்கள்.

விருது பெற்ற ஒவ்வொருவரையும் நாற்பத்தைந்து நிமிஷம் பேச வைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். செல்போன் போதும், அவர் சட்டைப் பைக்கு அருகில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சேர்ந்த ஆண்டில் கல்லூரிக்கு எப்படி வந்தீர்கள், கட்டணம் யார் கட்டினார், முதல் நைட் டூட்டியில் என்ன நடந்தது, எந்த நோய் இப்போது வருவதில்லை, எது புதிதாக வருகிறது என்று கேளுங்கள். இரண்டாம் சரபோஜி காலத்தில் தஞ்சையில் கண் சிகிச்சை பெற்றவர்களின் குறிப்புகள் படங்களோடு சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. அன்று யாரோ ஒருவர் ஒவ்வொரு நோயாளியாக உட்கார்ந்து எழுதி வைத்ததால்தான் இருநூறு ஆண்டு கழித்தும் நமக்குத் தெரிகிறது. ஒலிப்பதிவை இரண்டு இடத்தில் சேமியுங்கள்: ஒன்று கல்லூரி நூலகம், மற்றொன்று சங்கச் செயலாளர். செயலாளர் மாறும்போது பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் அச்சு, வைப்புத்தொகை ரசீது, பரிந்துரைக் கோப்புகள், ஒலிப்பதிவு நான்கையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.